குதிரையைக் கூட்டும் முன் லாயத்தைப் பாருங்கள்

போன இதழில் "இன்ஜின் டியூனிங் பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டதுதான் நான் செய்த தப்பு. வழக்கமாக மைலேஜ், பேட்டரி, ஏசி கூலிங் வரவில்லை என்று எழுதுகிற நம் செட்டிநாட்டு ஜனங்கள், இந்தத் தடவை மொத்தமாகக் குதிரைத்திறன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

என்னிடம் 2014 ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது, 1,40,000 கி.மீ. ஓடிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை திருச்சி போய் வருகிறேன். திருமயம் தாண்டி லாரியை ஓவர்டேக் எடுக்கப் போனால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது, அதற்குள் எதிரே பஸ் வந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரில் எண்களை மாற்றுவது) செய்தால் 75 குதிரை 95 ஆகும் என்கிறார்கள். செய்யலாமா அண்ணே?
— ஒரு வாசகர், காரைக்குடி

தம்பி, அந்த ஒரு நொடி யோசனை குதிரை பற்றாததால் வருவதில்லை, டர்போவால் வருவது. சைலன்சருக்குப் போகிற புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சின்னக் காற்றாடிதான் டர்போ. இன்ஜின் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே கிடக்கும்போது அதைச் சுழற்றுகிற அளவுக்குப் புகை வராது. நாலாவது கியரில் 1500-ல் லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டு, திடீரென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் அது யோசிக்கத்தான் செய்யும். கொஞ்சம் இடைவெளி விட்டு, மூன்றாவதுக்கு இறக்கி, முள் 2200-ஐத் தாண்டிய பிறகு வெளியே எடுத்துப் பாருங்கள். இதற்குக் கடைக்காரர் வேண்டாம், இடது கை போதும்.

ஆனாலும் ரீமேப்பைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. ஸ்விஃப்டில் அது 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றுகிற விசை) தருகிறது. அதே இன்ஜின் எஸ்எக்ஸ்4-லும் எர்டிகாவிலும் 90 குதிரை, 200 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. ஆக, இன்ஜினுக்குள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த 90 வெறும் லேப்டாப்பில் எண்ணை மாற்றி வந்ததில்லை. அந்த வண்டிகளில் டர்போவே வேறு, உள்ளே இதழ்கள் திரும்பித் திரும்பிப் புகையின் வேகத்தை மாற்றிக் கொடுக்கிற வகை. உங்களுடையது சாதா டர்போ. அதை வைத்துக்கொண்டு 95 என்றால் அந்தப் பழைய டர்போவை அதன் சக்திக்கு மேல் ஓடவிடப் போகிறார்கள் என்று அர்த்தம்.

ரீமேப் என்றால் என்ன செய்கிறார்கள்? இசியு என்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பெரிய பெரிய அட்டவணைகள் இருக்கும். இத்தனை ஆர்பிஎம், இத்தனை மிதி என்றால் எத்தனை டீசல், எப்போது பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்று கட்டம் கட்டமாக எண்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் வயரைச் செருகி, இல்லையென்றால் பெட்டியையே கழற்றி மேஜையில் வைத்து, அந்த எண்களைப் படித்து எடுத்து, மாற்றி, திரும்ப எழுதுகிறார்கள். கம்பெனி அந்த எண்களைப் போடும்போது கலப்பட டீசல், சித்திரை வெயில், ஆயில் மாற்ற மறந்த முதலாளி, மலைமேல் மெல்லிய காற்று, புகைக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மிச்சம் வைத்திருக்கும். டியூனர் அந்த மிச்சத்தைத்தான் எடுத்து நமக்குக் கொடுக்கிறார். வட்டியைச் செலவு பண்ணலாம், அசலில் கை வைக்கக்கூடாது என்று நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டர்போ டீசலில் 15, 20 சதவீதம் வரை எடுத்தால் வட்டி. அதற்கு மேல் கேட்டால் அசல் கரைகிறது.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 1,40,000 ஓடிய வண்டி இன்றைக்கு 75 குதிரை கொடுக்கிறதா என்பதே சந்தேகம். போன வருஷம் இதே மாதிரி "பிக்கப் இல்லை, சிப் போடணும்" என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸுக்கு அடியில் விரலை விட்டேன். விரல் முழுக்கக் கரி கலந்த எண்ணெய். ஹோஸின் அடிப்பக்கம் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு, மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆளை விட்டு ரேஸ் பண்ணச் சொன்னால் அந்த இடத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம். டர்போ அழுத்தி அனுப்புகிற காற்றில் பாதி அந்த வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹோஸை மாற்றினோம், மனிதர் சிப் பேச்சையே விட்டுவிட்டார். அதனால் முதலில் ஹோஸ், ஏர்ஃப்ளோ சென்சார், இஜிஆரில் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்புகிற வால்வு) அடைத்த கரி, டீசல் ஃபில்டரில் தண்ணீர், இன்ஜெக்டர் திருப்பி அனுப்புகிற டீசலின் அளவு, இத்தனையையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் ஒழுகுகிற வண்டிக்கு ரீமேப் செய்வது, காய்ச்சல்காரனைப் பழனிக்கு நடக்கச் சொல்வது மாதிரி.

அப்புறம் கிளட்ச். இதை நான் சொந்தக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் என் வண்டிக்கே ரீமேப் செய்தேன், கடை பேர் வேண்டாம். முதல் பத்து நாள் சொர்க்கம்தான், மறைக்க விரும்பவில்லை. பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, மதுரையிலிருந்து திரும்பி வரும்போது திருப்பத்தூருக்கு முன்னால் நாலாவது கியரில் ஓங்கி மிதித்தேன். ஆர்பிஎம் முள் 2000-லிருந்து விறுவிறுவென்று 3000-க்கு ஏறுகிறது, ஸ்பீடோமீட்டர் 80-லேயே நிற்கிறது. கூடவே பழந்துணி கருகுகிற நாற்றம். பின் சீட்டில் இருந்த ஆச்சி, "ஏம்ப்பா, எங்கயோ கொளுத்துறாங்க போல" என்றார்கள். கொளுத்தினது நான்தான். கம்பெனி போட்ட கிளட்ச் கம்பெனி போட்ட டார்க்குக்கு. தேய்ந்த கிளட்ச் அதற்கும் குறைச்சலுக்கு. கிளட்ச் செட், கூலி எல்லாம் சேர்ந்து ரீமேப் செலவை எட்டிப்பிடித்தது. டியூனரிடம் கேட்டதற்கு, "கிளட்சுக்கு நாங்க பொறுப்பில்லை சார்." அவர் சொன்னது நியாயம்தான், ஆனால் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்வதென்றால், டைனோ இருக்கிற கடைக்குப் போங்கள். வண்டியை உருளைமேல் ஏற்றிக் கட்டி, முழு மிதி மிதித்து, சக்கரத்தில் எவ்வளவு வருகிறது என்று அளக்கிற இயந்திரம் அது. ரீமேப்புக்கு முன் ஒரு ஓட்டம், பின் ஒரு ஓட்டம், அதே இயந்திரத்தில், அதே நாளில். சக்கரத்தில் அளந்தால் கம்பெனி சொன்ன எண்ணைவிடக் குறைவாகத்தான் காட்டும், கியர்பாக்ஸும் டயரும் தின்றது போக மிச்சம் அது, பயப்பட வேண்டாம். இரண்டு ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. டைனோ இல்லாமல் கம்ப்யூட்டரில் கிராஃப் மட்டும் காட்டினால் அது படம், அளவு இல்லை. உங்கள் வண்டியின் பழைய ஃபைலை ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மாட்டேன் என்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்து ஓட்டும்போது கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்தால், காற்றில்லாமல் டீசலை மட்டும் கூட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். பின்னால் போவது உங்கள் டீசல் காசு.

டர்போ இல்லாத 1.2 பெட்ரோல் வண்டி. ரீமேப்போடு ஓப்பன் ஏர் ஃபில்டரும் போட்டால் 20 குதிரை கூடும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். நம்பலாமா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

நம்ப வேண்டாம். டர்போ இல்லாத இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சுகிற காற்றை வைத்துத்தான் பிழைக்கிறது. லேப்டாப்பை வைத்துக் காற்றைக் கூட்ட முடியாது. ஸ்பார்க் நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளலாம், அதிகம் தள்ளினால் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடித்து, ஏற்றத்தில் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி சத்தம் வரும், பிஸ்டனுக்கு ஆகாது. 80 சொச்சம் குதிரையில் நாலைந்து கூடினால் பெரிய விஷயம். அதை டைனோ கண்டுபிடிக்கும், உங்கள் முதுகு கண்டுபிடிக்காது.

ஓப்பன் ஃபில்டர் இன்னும் மோசம். கம்பெனி ஃபில்டர் வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும், இது பானெட்டுக்குள் இன்ஜின் சூட்டில் வெந்த காற்றை இழுக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, பவர் குறையும். (மார்கழிக் காலையில் வண்டி நன்றாக இழுக்கிற மாதிரி தோன்றுவது பிரமை இல்லை, நிஜம்.) நம் பக்கத்துச் செம்மண் புழுதியை மலிவான ஃபில்டர் உள்ளே விட்டால் பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. உறுமல் சத்தம் வரும், அது உண்மை. அந்தச் சத்தத்தைத்தான் பாதிப் பேர் பவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்பச்சி 1970-களில் வாங்கிய அம்பாஸடர் கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது. அய்யனார் கோவில் குதிரை மாதிரி, பார்க்கத்தான் கம்பீரம், நகராது. சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி, பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு ஒரு ஜப்பான் டர்போ இன்ஜினை உள்ளே வைக்கலாம் என்கிறான். முடியுமா?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

முடியும், செய்யாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டு வழவழ டைல்ஸ் போட்ட வீடுகளைப் பார்த்து வயிறெரிகிறவன் நான், என்னிடம் போய் இதைக் கேட்கிறீர்களே.

சட்டமும் என் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்சியில் இருக்கிற விவரமும் கம்பெனி முதலில் கொடுத்த விவரமும் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. அதே வகை இன்ஜினை ஆர்டிஓ அனுமதியோடு மாற்றலாம், வேறு ஜாதி இன்ஜின் ஆகாது. இன்னொன்று, 50 வருஷத்துக்கு மேலான வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது. ஆனால் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். தம்பி ஆசைப்படுகிற இன்ஜினை வைத்தால் அந்த வாய்ப்பும் போச்சு. விண்டேஜ் பதிவு வண்டியைத் தினப்படிக்கு ஓட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி, சுமார் 50 குதிரை. அதற்குச் செய்ய வேண்டியது பழைய அர்த்தத்தில் டியூனிங். டியூனிங் என்ற சொல்லே நமக்கு அந்த வண்டிகளிலிருந்து வந்ததுதான். டெல்கோ (பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியைத் திறந்து, பாயிண்டைச் சுத்தம் செய்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது, பிளக்குக்கு 0.6, வால்வைத் தட்டுகிற டாப்பெட்டுக்கு 15 தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் 15 பங்கு), கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதி, டைமிங் பார்த்து, ஐடிலிங்கில் பானெட்மேல் ஒரு ரூபாய்க் காசை நிறுத்திக் காட்டுகிற கிழவர்கள் காரைக்குடிப் பட்டறைகளில் இன்னும் ஒருவரிருவர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வண்டியைக் கொண்டுபோங்கள். பெட்ரோல் போகிற ரப்பர் குழாய் முழுக்கப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், இப்போது பங்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை அரித்துவிடும். டேங்க்கைக் கழுவாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், வாரண்டி இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ரீமேப் செய்துவிட்டு, சர்வீசுக்கு விடும்போது பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் தெரியாதுதானே?
— ஒரு வாசகர், திருப்பத்தூர்

தெரியும். இசியுவில் எத்தனை தடவை எழுதப்பட்டது என்று கணக்கு இருக்கும், உங்கள் கார் கம்பெனி சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் மாற்றம் தெரிந்தால் அந்த வண்டிக்கு டிடி1 என்று ஒரு குறி விழும். குறி விழுந்தால் இன்ஜின், கியர்பாக்ஸ் பக்க வாரண்டிக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஏழு கியர் டிஎஸ்ஜியின் உலர் கிளட்ச் தாங்குகிற அளவு 250 நியூட்டன் மீட்டர். உங்கள் இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250. மிச்சமே வைக்காத இடத்தில் மிச்சம் எடுக்கப் பார்க்கிறீர்கள். 150 குதிரை இருக்கிறது ஐயா, திருப்பத்தூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி வர அது போதாதா? இன்ஷூரன்ஸும் இருக்கிறது: மாற்றத்தைச் சொல்லாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால், கிளெய்மை மறுக்க அவர்கள் கையில் நீங்களே காரணம் கொடுத்தது ஆகும்.

டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். பிஎஸ்6 டீசல் வண்டியில் டிபிஎஃப் (புகைக் கரி வடிகட்டி) லைட் அடிக்கடி எரிகிறது. டிபிஎஃப்-ஐ எடுத்துவிட்டு, இசியுவில் ஆஃப் பண்ணினால் பவரும் மைலேஜும் கூடும் என்கிறார்களே?
— ஒரு வாசகர், குன்றக்குடி

எடுக்கக்கூடாது. கரியை வடிகட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள். எடுத்தால் அந்தக் கரி உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மூச்சில் போகும். சட்டம் 182ஏ பிரிவில் இந்த மாதிரி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. வாடகை வண்டி எஃப்சிக்கு (தகுதிச் சான்று சோதனைக்கு) போகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

லைட் எரிவதற்குக் காரணம் நீங்கள் ஓட்டுகிற விதம். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, காரைக்குடி என்று பத்துப் பத்துக் கிலோமீட்டராக ஓட்டி, இடையில் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வைத்தால், உள்ளே சேர்ந்த கரியை எரிக்கிற அளவுக்கு அது சூடாகவே ஆகாது. பத்து நாளுக்கு ஒரு தடவை மதுரை நாலுவழிச் சாலையில் கியரைக் குறைத்து, 2000-க்கு மேலே, 20 நிமிஷம் விடாமல் ஓட்டுங்கள். நடுவில் நிறுத்திவிடாதீர்கள். அதற்கும் லைட் அணையவில்லை என்றால்தான் சர்வீஸ்.

என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான், வண்டி இங்கே இருக்கிறது. வண்டிக்குப் பவர் ஏற்ற 35,000 ரூபாய் கேட்கிறான். இருக்கிற வேகமே எனக்கு அதிகம் என்று படுகிறது. கொடுக்கவா, வேண்டாமா?
— ஒரு தாயார், பள்ளத்தூர்

ஆச்சி, உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் என்னை நிற்க வைத்துவிட்டீர்கள். டர்போ வண்டி, நல்ல நிலைமையில் இருக்கிறது, வாரண்டி முடிந்துவிட்டது, அளவாகச் செய்கிற கடை என்றால் ரீமேப் பாவமான காரியம் இல்லை. ஆனால் ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ் இரண்டையும் கேட்காமல் செய்யக்கூடாது. அது போக, 35,000-த்தில் முதல் செலவு இன்ஜினுக்கு இல்லை. நாலு நல்ல டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், அதற்குப் பிறகு மிச்சம் இருப்பதைப் பார்க்கலாம். கிளம்புகிற வேகத்தைக் கூட்டுகிறவன் நிற்கிற வேகத்தையும் கூட்ட வேண்டும் இல்லையா? தை மாதம் குன்றக்குடி வழியில் பழனிக்குக் காவடியோடு ஜனங்கள் விடியற்காலை இருட்டில் ரோட்டோரம் நடந்து போகிற நேரத்தில் அந்தப் பையன் ஊருக்கு வருவான். அப்போது வேண்டியது பிரேக்.

ஒன்று செய்யுங்கள். முகப்பில் வண்டி நிற்கும்போது டயரின் பக்கவாட்டில் பாருங்கள், ஒரு சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2318 என்று இருந்தால் 2018-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். நாலு டயரிலும் பார்த்து, ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள், எழுத்து பொடிசாக இருக்கும்.